கோயிற் பதிவேடும் குலவரலாறும்

பாட்டன் பெயரை அறியாதார் நம்முள் இலர். பாட்டனுக்குப் பாட்டன் பெயரை அறிந்தார் மிகச் சிலரே. மரக்காணத்து உப்பளங்கள் முதல் குயிலாப்பாளையம் வரையுள்ள இக்கரையில், கிறிஸ்து சமயம் சார்ந்த நம் குடும்பத்தார்க்கு இக்குறை நீக்கும் கருவி ஒன்றுண்டு. அதுவே பங்குக் கோயிலின் பழம் பதிவேடு.

ஞானஸ்நானத்திற்கும் விவாகத்திற்கும் பங்குக் குரு ஏடு வைத்தல் வேண்டுமெனத் திரெந்துச் சங்கம் 1563-ல் விதித்தது. இறந்தோர்க்குரிய ஏடும் 1614-ல் விதிக்கப்பட்டது. மறைவில் நிகழும் மணங்களைத் தடுத்தல் அதன் நோக்கங்களுள் ஒன்று. ஞானப்பெற்றோர் உறவும் அக்காலத்து மணத்திற்குத் தடையாயிருந்தமையின், அவர்தம் பெயர்களும் எழுதப்பட்டன. குலவரலாறு தேடுவார்க்கு இது பெரும்பேறாம்.

ஆயினும் ஏட்டில் தேடுதல் எளிதன்று. குருமார் இலத்தீனிலும் பிரெஞ்சிலும் எழுதினர். வீட்டில் இராயப்பன் எனப்பட்டவர் ஏட்டில் பெத்ருஸ் ஆவர். சின்னப்பன் பவுலுஸ் ஆவர். அருளப்பன் யோவான்னெஸ் ஆவர். இஃதறியாதார் தம் முன்னோர் பெயரைக் கண்டும் காணாது செல்வர். மற்றோரிடரும் உண்டு. 1881-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுவையிலே தம் வழக்கச் சட்டத்தைத் துறந்தோர் புதிய குடும்பப் பெயர் பூண்டனர். பொன்னுத்தம்பிப் பிள்ளை, லாப்போர்த்து என்னும் பெயர் ஏற்றமை யாவரும் அறிந்ததே. ஆகவே எல்லைக்கு இப்பால் வாழ்ந்த தம்பி தந்தை பெயரால் வழங்க, அப்பால் வாழ்ந்த தமையன் வேற்றுப் பெயரால் வழங்குதல் கூடும்.

நிற்க. செஞ்சிக் கோட்டையில் படைத்தலைமை பூண்ட மரபினர் நாம் என்று எம் இல்லத்தில் சொல்லிவந்தனர். அதனை நாட்டும் விருப்பினால் யான் ஓர் பங்கின் ஏட்டைப் புரட்டினேன். படைத்தலைவரைக் கண்டேனல்லேன். 1877-ல், தாது வருஷப் பஞ்சத்திடையே, ஞானஸ்நானம் பெற்ற ஓர் ஆண்குழவியைக் கண்டேன். பெற்றோர் பெயர் எழுதும் இடம் வெறுமையாயிருந்தது. ஞானத்தந்தை பெயர் ஒன்றே உண்டு. அக்குழவியே எம் குடிமுதல்வர்.

முதலில் நாணினேன்; பின்னர் அந்நாணத்திற்கே நாணினேன். பஞ்சத்தில் அநாதையான குழவியை ஒருவர் கையிலேந்தி நின்றதனாலன்றோ இன்று யாம் உளோம்! எம் மக்கட்கு இனி அவ்விருவர் பெயரையே சொல்வேன்.

அன்பர்காள்! ஏடுகளைச் செல்லும் உப்புக்காற்றும் அரிக்கின்றன. வீட்டுப் பெயரும் ஏட்டுப் பெயரும் ஒன்றெனக் காட்டவல்ல முதியோரும் அருகிவருகின்றனர். முதலில் அவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு, பின்னர் ஏட்டை நாடுக. பெருமை தேடிச் செல்லற்க. உண்மை தேடிச் செல்க.