நீலகிரி ட்ரவுட்டும் நீரின் வேதியியலும்

நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் வாழும் ரெயின்போ ட்ரவுட், வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளைத் தாயகமாகக் கொண்டது. ட்ரவுட் இனத்தை இம்மலையில் நிலைபெறச் செய்ய ஏறத்தாழ அரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே 1863-இல் எடுத்த முதல் முயற்சி தோற்றது. மறு ஆண்டே இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியாவுக்கு ட்ரவுட் முட்டைகள் உயிரோடு சென்றுசேர்ந்தன. அவற்றை ஈரப்பாசியில் பொதிந்து பனிக்கட்டிகளுக்கு நடுவே வைத்திருந்தார்கள். குளிரில் கருவின் வளர்ச்சி மெதுவாகும். அதற்கு வேண்டிய ஆக்சிஜனும் குறையும். நீலகிரியில் 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்த பிறகுதான் வெற்றி கிட்டியது. இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து தருவித்த ரெயின்போ ட்ரவுட்டை மீன்வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் இங்கே வளர்த்துப் பெருக்கினார்.

இந்த மீன் எங்கே வாழும் என்பதை நீரே தீர்மானிக்கிறது. கடல்மட்ட அழுத்தத்தில் 10 பாகை செல்சியஸ் நீர் ஒரு லிட்டருக்கு 11 மில்லிகிராம் அளவு ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும்; 30 பாகையில் அது சுமார் 7.5 மில்லிகிராமாகக் குறையும். ஊட்டியை ஒட்டிய 2,000 மீட்டர் உயர ஓடைகள் குளிர்ந்தவை, பாறைகளில் மோதி ஓடுபவை. அங்கே ட்ரவுட் தங்கியது. சுமார் 1,070 மீட்டர் உயரத்தில் உள்ள கூடலூரின் வெப்பம் அதற்கு ஒத்துவராது. பாண்டியாறு வழியே சாலியாற்றில் கலக்கும் அவ்வூர் நீரோடைகள் வேறு மீன்களுக்குரியவை.

ஓடையில் மீனின் கழிவை நீரோட்டம் அடித்துச் செல்லும். வீட்டில் மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியில் அது அங்கேயே தங்கி அம்மோனியாவாக மாறும். மண்ணிலும் நீரிலும் உள்ள பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுவதை 1890-ஐ ஒட்டி ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி தெளிவாக்கினார். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு; நைட்ரேட்டின் தீமை குறைவு. புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதற்குள் தொட்டி நிறைய மீன் விட்டால் அவை சாகும்.

நீலகிரி ஓடை நீர் கடினமான பழம்பாறைகளின் மேல் ஓடுவதால் அதில் சுண்ணாம்புச் சத்து குறைவு. தொட்டியில் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்களின் வேலையில் அமிலம் உண்டாகும். அதைத் தாங்கும் கார்பனேட் இல்லாவிட்டால் நீரின் அமில-கார அளவான பி.எச். சரிந்து, பாக்டீரியாக்களின் வேலையும் மந்தமாகும். இத்தகைய மென்னீர் நிரப்பிய தொட்டியின் ஃபில்டரில் கொஞ்சம் கிளிஞ்சல் துண்டுகள் போட்டால் அவை மெல்லக் கரைந்து பி.எச். சரியாமல் காக்கும். குழாய் நீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கிய பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும்.

மலை ஓடையானாலும் வீட்டுத் தொட்டியானாலும் முதலில் நீரை அறிந்து பக்குவப்படுத்த வேண்டும். மீன் அதற்குப் பின்னரே வர வேண்டும்.