பொதுவிடமும் மக்கள் குரலும்: கண்டிப் பிரதேசத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நகரின் பொதுவிடங்கள் யாருடைய எண்ணப்படி உருவாயின என்ற வினா, அங்கு அதிகாரம் யாரிடம் இருந்தது என்ற வினாவினின்றும் பிரிக்க முடியாதது. கண்டி வாவி இதற்குத் தக்க சான்றாகும். ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் 1807 ஆம் ஆண்டளவில் வயல்நிலத்தை மறித்து அதனைக் கட்டுவித்தான். இராசகாரிய முறைப்படி குடிகள் உழைப்பை நல்கினர்; அவர்தம் கருத்து வினவப்படவில்லை. பின்னர் ஹந்தானை மலையடிவாரத்தில் எழுந்த பேராதனை வளாகமும் பற்றிக் அபர்குறொம்பி முதலிய நிபுணர்களின் திட்டத்தில் உருப்பெற்றதே. 1952 இல் பல்கலைக்கழகம் இங்கு இடம்பெயர்ந்தது. மன்னனின் இடத்தை நிபுணர் பெற்றனர். மக்கள் நின்ற இடம் மாறவில்லை.

இந்நிலையில் ஒரு மாற்றத்தை அயலிலுள்ள கொத்மலையிற் காண்கிறோம். மகாவலித் திட்டத்தின் கீழ் 1985 இல் நிறைவுற்ற கொத்மலை நீர்த்தேக்கம் பல கிராமங்களை மூழ்கடித்தது. ஊரோடு சேர்ந்து, மக்கள் கூடிப் பேசிய இடங்களும் மறைந்தன. 1989 இல் தொடங்கிய கொத்மலைச் சமூக வானொலி, இழந்த அக்கூடத்தை ஓரளவு ஈடுசெய்தது எனலாம். 1999 இல் யுனெஸ்கோவின் ஆதரவுடன் இவ்வானொலி இணையத்தோடு இணைக்கப்பட்டது. நேயர் தம் ஐயங்களை அனுப்புவர். அறிவிப்பாளர் இணையத்தில் விடைதேடி, துறைசார்ந்தோரின் துணையுடன் அதனை எளிய மொழியில் ஒலிபரப்புவர். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் இணைய வசதி அளிக்கப்பட்டது. கணினியைத் தொட்டறியாதவரும் கேள்வி கேட்க முடிந்தது என்பதே இம்முயற்சியின் சிறப்பாகும். கருவிக்கும் மக்களுக்குமிடையே அவர்தம் மொழியறிந்த ஒருவர் அமர்ந்திருந்தமையே அதனைச் சாத்தியமாக்கிற்று.

2012 இல் ஐக்கிய நாடுகளின் மனிதக் குடியிருப்புத் திட்டம், மொஜாங் நிறுவனத்துடன் சேர்ந்து, மைன்கிராப்ட் என்னும் கணினி விளையாட்டைப் பொதுவிட வடிவமைப்புக்குப் பயன்படுத்தத் தொடங்கியது. நைரோபி முதலிய நகரங்களில் வாழ்வோர் தமக்கு வேண்டிய திடலையும் பூங்காவையும் திரையில் கட்டிக்காட்டினர். வரைபடம் வாசிக்கத் தெரியாதவரும் வடிவமைப்பாளராகலாம் என்பதை இது உணர்த்திற்று. எனினும் திரையின் முன் அழைக்கப்படுபவர் யார் என்ற வினா எஞ்சியே நிற்கிறது.

இவ்வினா ஹந்தானைக்கும் உரியது. 1925 இல் கட்டப்பட்ட ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலை 2001 இல் அருங்காட்சியகமாயிற்று. இம்மலைநாட்டுத் தோட்டங்களை உருவாக்கியோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர். ஆயின் அவர்கள் வாழ்ந்த லயன்களின் அமைப்பை வகுத்தது தோட்ட நிர்வாகமே. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003 இன் சட்டம் வழிதிறந்தது. பிரசாவுரிமை கிடைத்த பின்னரும் பல தோட்டங்களில் கடிதங்கள் தோட்டக் காரியாலயத்தின் வழியாகவே லயன் வீடுகளைச் சென்றடைந்தன. தனக்கென முகவரியற்ற ஒருவரிடம் முகவரி கேட்கும் படிவம், அது தாளில் இருந்தாலென்ன, திரையில் இருந்தாலென்ன, வாயிலை அடைக்கும் கதவே.

எனவே, இலக்க முறைத் தொழினுட்பம் தானாகவே மக்கள் பங்கேற்பை உண்டாக்கிவிடாது. யாரை நோக்கி, எம்மொழியில், எந்த உரிமையுடன் வினவப்படுகிறது என்பதே அதனைத் தீர்மானிக்கும். வாவி வெட்டியவரிடம் வினவாத பிழையைக் கணினியின் துணையுடன் நாமும் செய்துவிடலாகாது. ஹந்தானையின் அடிவாரத்தில் கற்கும் நாம், மேலே வாழ்வோரின் மொழியும் அறிந்தவர்கள். கொத்மலை அறிவிப்பாளர் அமர்ந்த இடத்தில் அமரும் கடமை நமக்கு உண்டு.