மதுரைச் சிறு அச்சகங்கள்: கொரோனா காலத் தொழில்மாற்றம்

மதுரை மாநகரிலும் திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, சோழவந்தான் முதலிய சுற்று ஊர்களிலும் உள்ள சிறு அச்சகங்கள், 2020 மார்ச் முதல் 2022 தொடக்கம் வரை கொரோனா ஊரடங்குகளால் வழக்கமான வேலைகளை இழந்து, வேறு வேலைகளைப் பிடித்துத் தொழிலில் நின்றதைப் பற்றியது இக்கட்டுரை. ஒரு மினி ஆப்செட் அல்லது ஒரு பிளக்ஸ் மிஷின், ஒன்றிரண்டு கணினி, ஒரு கட்டிங் மிஷின், உரிமையாளரையும் சேர்த்து நாலைந்து பேர் என்ற அளவிலான கடையே இங்கு சிறு அச்சகம் எனப்படுகிறது. 2020 ஜூலை 1 முதல் 2025 மார்ச் வரை நடைமுறையில் இருந்த மத்திய அரசு வரையறையில் முதலீடு 1 கோடி ரூபாய்க்கும் விற்றுமுதல் 5 கோடிக்கும் மிகாதவை குறுந்தொழில்கள் எனப்பட்டன. மதுரைச் சந்துகளில் உள்ள அச்சகங்கள் அந்த வரம்பின் அடிமட்டத்தில் நிற்பவை.

இந்த அச்சகங்களின் பிழைப்பு கூட்டத்தை நம்பியிருந்தது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ், பூப்புனித நீராட்டு விழா பிளக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கிராமத்துக் கோயில் பொங்கலுக்கு வசூல் ரசீது, கும்பாபிஷேக அழைப்பு, கட்சிக்காரர் பிறந்தநாள் வாழ்த்து, புதுப்படம் வரும் நாளில் ரசிகர் மன்றச் சுவரொட்டி என எல்லாமே நாலுபேர் கூடும் இடத்துக்கான காகிதம். சுவர் கண்ட இடமெல்லாம் போஸ்டர் ஒட்டும் ஊர் என்று மதுரையைக் கேலி செய்வதுண்டு. அந்தக் கேலிக்குப் பின்னால் பல குடும்பங்களின் அடுப்பு எரிந்தது. கூட்டம் கூடாதே என்பதுதான் நோய்த்தடுப்பின் முதல் விதி என்பதால், இந்தத் தொழிலுக்கு அடி நேராகவே விழுந்தது.

பின்னணி

அச்சு மதுரைக்குப் பழையது. பசுமலையில் அமெரிக்க மிஷனின் லெனாக்ஸ் அச்சகம் இருந்தது. 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் சொந்த அச்சகம் வைத்துச் செந்தமிழ் இதழை வெளியிட்டது. புதுமண்டபத்துப் புத்தகக் கடைகள் தென்மாவட்டங்களுக்குப் புத்தகம் அனுப்பின. இன்றைய சிறு அச்சகம் அந்தப் பரம்பரையில் வந்ததாயினும் புத்தகத்தை விட்டு வெகுதூரம் விலகிவிட்டது. ஈய எழுத்தைக் கோத்து டிரெடிலில் அடித்த கடைகள் டிடிபிக்கும் மினி ஆப்செட்டுக்கும் மாறின. பிறகு பிளக்ஸ் வந்து போஸ்டர் வேலையில் பாதியை எடுத்துக்கொண்டது.

சுமார் 75 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் சிவகாசி இந்தக் கடைகளுக்குப் போட்டியாகவும் இருந்தது, தாயகமாகவும் இருந்தது. தீப்பெட்டி லேபிளில் தொடங்கி நாட்காட்டி, நோட்டுப் புத்தகம், அட்டைப்பெட்டி என வளர்ந்த சிவகாசி, லட்சக்கணக்கில் அடிக்கும் ஊர். ஆயிரமும் ஐந்நூறும் மதுரைக்கு மிஞ்சியது. கல்யாணக் கார்டு சிவகாசியிலிருந்து வெற்றுக் கார்டாக வரும். பெயரும் தேதியும் மண்டபமும் மதுரையில் ஏறும். தினசரி நாட்காட்டியிலும் அப்படித்தான்: அட்டை அங்கே, கடைக்காரர் பெயர் இங்கே.

தொற்றுக்கு முன்பே இத்தொழில் தளர்ந்திருந்தது. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி என அடுத்தடுத்து வந்தன. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்த பேனர் சரிந்து சுபஸ்ரீ என்ற இளம்பெண் உயிரிழந்தபின், கட்சிகள் தம் தொண்டர்களைப் பேனர் வைக்க வேண்டாம் என்றன. அந்த முடிவு நியாயமானதே. பிளக்ஸ் கடைகளின் வருமானம் அன்றைக்கே சுருங்கத் தொடங்கியது என்பதையும் பதிவு செய்தாக வேண்டும்.

முடக்கம்

தமிழகத்தின் முதல் கொரோனா உயிரிழப்பு 2020 மார்ச் 25 அதிகாலை மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் நேர்ந்தது. நாடு தழுவிய ஊரடங்கும் அன்றே தொடங்கியது. ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, கோவையோடு மதுரையிலும் முழு ஊரடங்கு. பிறகு ஜூன் 24 முதல் ஜூலை நடுப்பகுதி வரை மாநகரிலும் சுற்று ஒன்றியங்களிலும் மீண்டும் முழு ஊரடங்கு. மற்ற பல மாவட்டங்கள் மூச்சுவிடத் தொடங்கிய வேளையில் மதுரைக் கடைகளின் ஷட்டர் மறுபடி இறங்கியது.

ஊரடங்கு நாட்களின் எண்ணிக்கையைவிட அவை விழுந்த மாதங்களே அச்சகங்களை அதிகம் வதைத்தன. ஆடி, புரட்டாசி, மார்கழியில் முகூர்த்தம் இராது. அந்த மந்தத்தைப் பங்குனி, சித்திரை, வைகாசியில் சம்பாதித்த காசு தாங்கும். சித்திரைத் திருவிழா, ஊர்ப் பொங்கல்கள், கல்யாணங்கள், பள்ளி திறப்புக்கு முந்தைய அடையாள அட்டையும் ரசீதுப் புத்தகமும் எல்லாம் இந்த மாதங்களில்தான். 2020 மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணம் சில பட்டர்களோடு நடந்து, மக்கள் அதை இணைய நேரலையில் பார்த்தார்கள். அழகர் 2020, 2021 இரண்டு ஆண்டும் வைகைக்கு வரவில்லை. நீர்மோர்ப் பந்தல் பிளக்ஸ், மண்டகப்படி நோட்டீஸ், விளம்பரம் அடித்த அட்டை விசிறி ஒன்றுமில்லை. 2021இல் இரண்டாம் அலையும் அதே பருவத்தில், மே 10 ஊரடங்காக வந்தது. விதைக்கும் காலம் இரண்டு வருடம் தொடர்ந்து தப்பியது போன்ற இழப்பு இது; மழை பின்னால் பெய்து பயனில்லை.

அடித்து முடித்த கார்டுகள் வேறு தலைவலி. பாதி அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போன வீட்டார் கல்யாணத்தைத் தள்ளிவைத்தார்கள், அல்லது மண்டபத்தை விட்டு வீட்டு வாசலிலோ கோயிலிலோ முடித்தார்கள். தேதி மாறிய கார்டின் மேல் ஒட்ட ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்த கடைகள் உண்டு. வாங்க ஆள் வராத கார்டு எடைக்குப் போனது.

நின்ற மிஷின்

அச்சகத்தைப் பூட்டிவிட்டுப் போவது மளிகைக் கடையைப் பூட்டுவது போலன்று. பிளக்ஸ் மிஷினின் உயிர் அதன் ஹெட். சால்வென்ட் மை, தலைமுடியைவிட நுண்ணிய துளைகள் வழியே தெறிக்கிறது. ஓடாமல் நின்றால் மை துளையிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதனால் வேலை இல்லாத நாளிலும் ஹெட்டை ஃப்ளஷ் செய்து, ஒரு சோதனைத் துண்டு அடித்துப் பார்ப்பார்கள். அதில் நிறம் விட்டுக் கோடு விழுந்தால் அடைப்பு என்று பொருள். அனுமதியோ அக்கம்பக்கத்து வீடோ இருந்தவர்கள் ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே போய் இதைச் செய்தார்கள். முடியாதவர்கள், கடை திறந்த அன்று வருமானத்துக்கு முன் ஹெட்டுக்குச் செலவு செய்தார்கள்.

ஆப்செட் கொஞ்சம் பொறுக்கும். அதிலும் மையை வழித்துக் கழுவாமல் விட்டால் ரோலரில் தோலாகப் படியும். பிளேட்டுக்குக் கோந்து பூசாவிட்டால் அடுத்த தடவை பின்னணியெல்லாம் மை ஏறும். வெட்டி அடுக்கிய காகிதம் ஈரம் குடித்து நெளிந்துவிட்டால் இரண்டிரண்டு தாளாக இழுக்கும்.

புதிய வேலைகள்

முதலில் கிடைத்தவை நோயே கொண்டுவந்த வேலைகள். கடை திறக்க அனுமதி பெற்றவர் ஒவ்வொருவருக்கும் ‘முகக்கவசம் அணிக’, ‘கைகளைச் சுத்தம் செய்க’ என்ற ஸ்டிக்கர் வேண்டியிருந்தது. வங்கிக்கும் மருந்துக் கடைக்கும் தரையில் ஒட்ட வட்டம் வேண்டியிருந்தது. வினைல் ரோலும் கட்டிங் பிளாட்டரும் வைத்திருந்த கடைக்கு இது உடனடி வேலை. தரை வட்டத்தை மட்டும் சாதாரண வினைலில் அடித்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள்: ஆள் நடமாட்டத்தில் இரண்டே நாளில் உரிந்தது. மேலே லேமினேஷன் போட்டுக் கொடுத்தவரிடம் ஆர்டர் நிலைத்தது. நோயாளி வீட்டு வாசலில் ஒட்டும் அறிவிப்புக்கும் அந்நாளில் தேவை இருந்தது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் உரிய அதிகாரி உத்தரவிட்டால் தவிர அப்படி ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 9 அன்று கூறியது. மனிதர்களை ஒதுக்கி வைத்த அந்த வேலை நின்றதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

கல்யாணப் பத்திரிகை வேறு உருவில் திரும்பியது. ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்றபின் ஆயிரம் கார்டு எதற்கு? ஆனால் கார்டே இல்லாமலும் முடியவில்லை. மாவட்டம் தாண்டிப் போக இ-பாஸ் கேட்டால் அழைப்பிதழைப் பதிவேற்ற வேண்டும். 2021 மே மாத இ-பதிவில் கல்யாணத்தைச் சொல்லிப் பலர் ஊர் சுற்றியதால், அந்தப் பிரிவு எடுக்கப்பட்டு, கட்டுப்பாடுகளோடு மீண்டும் சேர்க்கப்பட்டது. விண்ணப்பிப்பவர் பெயர் பத்திரிகையில் இருக்க வேண்டும் என்றானது. தாய்மாமன் பெயர் விடுபட்டால் மனஸ்தாபம் வரும் என்று பயந்த காலம் போய், பெயர் விடுபட்டால் சோதனைச் சாவடி தாண்ட முடியாது என்ற காலம் வந்தது. மரியாதைக்கு அடித்த காகிதம் அரசு ஆவணத்தின் வேலையைச் செய்தது.

ஐம்பது கார்டை ஆப்செட்டில் அடித்தால் கட்டாது. பிளேட் போட்டு, மை ஏற்றி, தாள் பதம் பார்ப்பதற்குள் ஐம்பது தாள் வீணாகிவிடும். அந்தச் செலவு ஐம்பதுக்கும் ஆயிரத்துக்கும் ஒன்றே. டிஜிட்டல் கலர் பிரிண்டரில் பிளேட் இல்லை. ஒரு தாளின் விலை கூடுதல் என்றாலும் எத்தனை வேண்டுமோ அத்தனை மட்டும் எடுக்கலாம். சொந்த மிஷின் இல்லாதவர்கள் ஃபைலைப் பென் டிரைவில் கொண்டுபோய் டிஜிட்டல் மிஷின் உள்ள கடையில் எடுத்து வந்து, தம் கடையில் வெட்டி மடித்துக் கொடுத்தார்கள். கூடவே வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு படமும் கேட்டார்கள் வாடிக்கையாளர்கள். முதலில் சும்மா கொடுத்த கடைகள் மெல்ல அதற்கும் டிசைன் கூலி வாங்கக் கற்றுக்கொண்டன. இதில் ஒரு பாதகமும் வந்தது. வீட்டிலிருந்தே கோரல் டிராவில் வேலை செய்து பழகிய டிசைனர்கள், முதலாளி இல்லாமலே வாட்ஸ்அப் பத்திரிகை போட்டுக் கொடுக்க ஆரம்பித்தார்கள். இவர்கள் சம்பாதிக்கத் தனி இடமோ மிஷினோ தேவைப்படவில்லை.

நீண்ட நாள் நிலைத்த மாற்றம் லேபிளில் நடந்தது. வேலை இழந்தவர்களும் வீட்டுப் பெண்களும் மசாலாப் பொடி, செக்கு எண்ணெய், ஊறுகாய், சிறுதானிய மாவு என்று விற்கத் தொடங்கினார்கள். மதுரைக்கு அப்பளத் தொழில் முன்பே உண்டு. பொட்டலத்துக்கு லேபிள் வேண்டும். லேபிளில் பொருளின் பெயர், நிகர எடை, தயாரித்த மாதம், அதிகபட்ச சில்லறை விலை, தயாரிப்பாளர் முகவரி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் இவை இருக்க வேண்டும் என்பது சட்டம். இருநூறு லேபிள் கேட்டு வருபவரைப் பெரிய அச்சகம் திரும்பிப் பார்க்காது. மதுரைச் சந்து அச்சகம் அவரை உட்கார வைத்து, என்னென்ன போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, ஸ்டிக்கர் தாளில் அடித்துக் கொடுத்தது. திருவிழாவை நம்பியிருந்த கடை சரக்கை நம்பத் தொடங்கியது என்று இந்த மாற்றத்தைச் சொல்லலாம். திருவிழா வருடத்துக்கு ஒரு தடவை. மசாலாப் பொட்டலம் மாதாமாதம். பிழைத்த கடைகளைக் காப்பாற்றியது புதிய மிஷினைவிட இந்தச் சிறு எண்ணிக்கையும் பக்கத்தில் இருந்து பேசும் பழக்கமுமே என்பது இக்கட்டுரையாளரின் கணிப்பு.

பள்ளி கல்லூரிகள் மூடியதால் அடையாள அட்டை, ரிப்போர்ட் கார்டு வேலை போனது. பதிலுக்கு ஆன்லைன் வகுப்புப் பாடங்களை ஜெராக்ஸ் எடுக்க மாணவர்கள் வந்தார்கள். தேர்வை வீட்டிலிருந்து எழுதிய பருவங்களில் ஏ4 தாளும் ஸ்கேனும் பிடிஎஃப்பும் ஓரளவு கைகொடுத்தன.

கடன், தேர்தல், காகிதம்

ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27 அன்று அறிவித்த கடன் தவணைச் சலுகை ஆகஸ்ட் 31 வரை நீண்டது. தவணை தள்ளிப்போனாலும் வட்டி ஓடியது. மே மாதம் வந்த அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டத்தில், 2020 பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் வரை கூடுதல் பிணை இல்லாமல் கிடைத்தது. ஏற்கெனவே வங்கியில் கடன் இருந்தால்தான் இது பொருந்தும். நகையை அடகு வைத்தும் சீட்டுப் பணத்திலும் மிஷின் வாங்கியவருக்கு இதில் வழியில்லை. அப்படிப்பட்டவர்களே சிறு அச்சகத்தில் அதிகம். கடைசியில், கடன் தீர்ந்த பழைய மினி ஆப்செட்டை வைத்திருந்தவர், தவணையில் புதுமிஷின் எடுத்தவரைவிடச் சுலபமாகத் தாக்குப்பிடித்தார்.

2021 ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தல் சில வாரம் மிஷின்களை ஓட வைத்தது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவின்படி தேர்தல் நோட்டீஸிலும் போஸ்டரிலும் அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் வேண்டும். வெளியிடுபவரிடம் இருவர் சான்றொப்பமிட்ட உறுதிமொழி வாங்கி, அச்சிட்ட பிரதியோடு அதிகாரிகளுக்கு அனுப்ப வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தேர்தல் வேலைக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டி வாங்க வேண்டும் என்பது சட்டத்தில் எழுதாத இன்னொரு விதி. தோற்ற வேட்பாளரிடம் பாக்கி வசூலிப்பது நடக்காத காரியம்.

ஊர் திறந்தபோது காகிதம் விலை ஏறியிருந்தது. பள்ளிகள் திறந்ததும் தேவை ஒரேயடியாகக் கூடியது. இறக்குமதிக் கழிவுக் காகிதமும் நிலக்கரியும் விலை உயர்ந்திருந்தன. காகித அட்டைப்பெட்டிகளுக்கு ஜிஎஸ்டி 2021 அக்டோபர் முதல் 18 சதவீதமானது. அச்சு மைக்கு 2022 ஜூலை 18 முதல் 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது. 2022 மார்ச்சில் அண்டை இலங்கையில் காகிதம் இல்லாமல் மேல் மாகாணப் பள்ளித் தேர்வுகளே தள்ளிப்போயின. மதுரையில் காகிதம் கிடைத்தது. நேற்றுச் சொன்ன விலைக்கு இன்று கிடைக்கவில்லை. கொட்டேஷனில் ‘ஒரு வாரம் மட்டும் செல்லும்’ என்று எழுதிக் கொடுக்கும் வழக்கம் பரவியது.

2022 ஏப்ரலில் அழகர் மீண்டும் வைகையில் இறங்கினார். பந்தல் பிளக்ஸும் நோட்டீஸும் திரும்பின. கல்யாணப் பத்திரிகை மட்டும் பழைய எண்ணிக்கைக்கு வரவில்லை. நெருங்கிய சொந்தத்துக்குக் கார்டு, மற்றவர்களுக்கு வாட்ஸ்அப் என்று குடும்பங்கள் பிரித்துக்கொண்டன. அச்சகங்களும் இரண்டுக்கும் சேர்த்தே விலை சொல்லப் பழகின.