புல்லட் ஏன் மாறவில்லை? திருப்பத்தூர் பட்டறையில் எடுத்த சில குறிப்புகள்

போன மாதம் ஏலகிரி ஏறும்போது பத்தாவது கொண்டை ஊசி வளைவில் என் புல்லட் இழுக்க மறுத்துவிட்டது. மொத்தம் 14 வளைவு. முதல் நாலைந்து வளைவு வரை ஒழுங்காகத்தான் வந்தது. அப்புறம் இழுவை குறைந்தது, சைலன்சரில் பட்பட்டென்று வெடி, என்ஜின் பக்கம் காலை வைக்க முடியாத சூடு. வண்டியைத் திருப்பி, இறக்கத்திலேயே உருட்டிக்கொண்டு பொன்னேரி வந்து, அங்கிருந்து மெதுவாக ஓட்டித் திருப்பத்தூர் போய்ச் சேர்ந்தேன். ஒரு டீக்கடையில் விசாரித்ததும் பழைய வண்டி பார்க்கும் ஒரு பாயிடம் அனுப்பினார்கள்.

பாய் வண்டியைத் தொடவே இல்லை. முதலில் ஒரு கேள்விதான் கேட்டார்.

"இன்னா வருசம் வண்டி?"

"எண்பத்தாறு, பாய்."

"அப்ப சரி. புதுசா இருந்தா ஷோரூமுக்குப் போப்பான்னு சொல்லியிருப்பேன். என்ஜின் ஆறட்டும், டீ சாப்ட்டு வா தம்பி."

வருசத்தைக் கேட்டது சும்மா இல்லை. அந்த ஒரு பதிலிலேயே அவருக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. என் வண்டிக்குள் எந்த நட்டு எங்கே இருக்கும், எதற்கு எந்த ஸ்பேனர் வேண்டும் என்பதெல்லாம் அவர் 15 வயதில் கற்றுக்கொண்டது. இத்தனை வருடம் கழித்தும் அது செல்லுபடியாகிறது. எப்படி? அந்த டீ ஆறுவதற்குள் எனக்குத் தோன்றிய கேள்வி இதுதான். வீட்டுக்கு வந்து பழைய குறிப்புகளைப் புரட்டியதில் கிடைத்ததை எழுதுகிறேன்.

ஊசியில் ஆரம்பித்த கதை

இங்கிலாந்தில் ரெட்டிட்ச் என்று ஒரு ஊர். தையல் ஊசிக்குப் பேர்போனது. அங்கே 1851ல் ஜார்ஜ் டவுன்சென்ட் என்பவர் தொடங்கிய ஊசிக் கம்பெனி பிற்பாடு சைக்கிள் பாகங்கள் செய்ய ஆரம்பித்தது. 1890களில் என்ஃபீல்டு என்ற இடத்தில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகங்கள் செய்துகொடுக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. ராயல் என்ஃபீல்டு என்ற பெயரும், துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது என்ற விளம்பர வாசகமும் அந்த உறவில் வந்தவை. முதல் மோட்டார் சைக்கிள் 1901ல். புல்லட் என்ற பெயர் 1932ல். நாம் இன்று புல்லட் என்றதும் நினைக்கிற அந்த உருவம், பின் சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்தது, 1940களின் கடைசியில் வந்தது.

1949ல் கே.ஆர். சுந்தரம் ஐயர் சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸைத் தொடங்கி பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களை இறக்குமதி செய்ய ஆரம்பித்தார். சில வருடங்களில் எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் 350 சிசி புல்லட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. அந்த ஆர்டர்தான் எல்லாவற்றையும் மாற்றியது. 1955ல் ரெட்டிட்ச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கின. 1956ல் திருவொற்றியூர் தொழிற்சாலை திறந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வரும், இங்கே கோர்ப்பார்கள். அந்த வருடம் முழுக்க வெளிவந்தது 163 வண்டிகள்தான். படிப்படியாக எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

இதற்கப்புறம் நடந்தது விசித்திரம். 1967ல் ரெட்டிட்ச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970ல் இங்கிலாந்தில் கம்பெனியே இல்லை. தாய் போய்விட்டாள், பிள்ளை திருவொற்றியூரில் அதே சட்டையோடு நின்றது. 1977ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதி ஆக ஆரம்பித்தது!

சட்டையை ஏன் மாற்றவில்லை?

"அந்தக் காலத்து இரும்பு, அதான் மாத்தலை" என்று பலர் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பாதி சம்மதம்தான்.

புதிய என்ஜின் வடிவமைக்கப் பணம் வேண்டும், புது இயந்திரங்கள் வேண்டும், லைசென்ஸ் ராஜ் காலத்தில் ஒவ்வொன்றுக்கும் அனுமதி வேண்டும். வாங்குபவருக்கோ வேறு போக்கிடம் குறைவு. ராணுவத்துக்கும் போலீசுக்கும் பழகிய வண்டி, பழகிய உதிரிபாகமே போதும். மாற வேண்டிய கட்டாயமே வரவில்லை. 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி. இந்தக் கணக்கு 1949 புல்லட்டிலும் உண்டு, என் 86லும் உண்டு. என்ஜின் தனி, அல்பியன் கியர்பாக்ஸ் தனி, நாலு கியர், வலது காலில் கியர், நியூட்ரல் தேடித் தர ஒரு தனி மிதி.

இதில் திருப்பத்தூருக்கு என்ன சம்பந்தம்? ஒரு ஒப்பீடு இருக்கிறது. இந்த மாவட்டம் 2019ல் வேலூரிலிருந்து பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் இதற்குள்தான். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பாதி பதனிட்ட தோல் மெட்ராஸ் மாகாணத்தின் பெரிய ஏற்றுமதிச் சரக்கு. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸின் மேல்தோலுக்கு இந்தச் சரக்கை அரசே மொத்தமாக வாங்கியது. அதே போரில் ராயல் என்ஃபீல்டும் ராணுவத்துக்கு வண்டி செய்துகொண்டிருந்தது. இரண்டு தொழிலுக்கும் ராணுவம் ஒரு முக்கியமான வாடிக்கையாளர்.

ஆனால் 1970களில் பாதை பிரிகிறது. 1972ல் சீதாராமையா குழு அறிக்கை கொடுத்தது. அதைத் தொடர்ந்து பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு போட்டது. முழுசாகப் பதனிட்டு, ஷூவாக, கையுறையாக அனுப்பு என்றது. தோல் தொழில் மாறியே ஆக வேண்டி வந்தது. அதே பத்தாண்டில், அதே அரசின் மூடிய சந்தை புல்லட்டை மாறாமலே இருக்க விட்டது. ஒரே டெல்லி, ஒரே காலம், இரண்டு தொழிலுக்கு நேரெதிர் விளைவு.

எது நல்லது என்று சுலபமாகச் சொல்ல முடியாது. மாறின தோல் தொழில் வேலைவாய்ப்பைக் கொடுத்தது, கூடவே பாலாற்றையும் நாசமாக்கியது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 1996ல் தீர்ப்பு வந்தது. மாறாத புல்லட் எண்ணெய் ஒழுகியது, ராத்திரி நிறுத்தி வைத்தால் ஆயில் டேங்கிலிருந்து கிராங்க் கேஸுக்குள் இறங்கியது. 80களின் நடுவில் ஜப்பான் கூட்டில் 100 சிசி வண்டிகள் வந்ததும் புல்லட் தள்ளாடியது. 1990ல் ஐஷர் உள்ளே வந்தது, 1994ல் முழுசாகச் சேர்த்துக்கொண்டது. ஆனால் மாறாததால் ஒரு லாபமும் உண்டு. அது கம்பெனிக்குக் கிடைத்த லாபம் அல்ல, பாய் மாதிரி ஆட்களுக்குக் கிடைத்தது. ஒரு தடவை கற்ற தொழில் ஆயுசுக்கும் சோறு போட்டது.

சிகரெட் தாள்

என்ஜின் ஆறிவிட்டது. பாய் முதலில் டாப்பெட் மூடியைக் கழற்றினார். பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே நிற்கும்போது புஷ்ராடை இரண்டு விரலால் உருட்டினார். "உருளணும், மேலே கீழே ஆடக்கூடாது. அவ்ளோதான் கணக்கு." சூட்டில் இதைப் பார்த்தால் தப்பாக வரும். டீ சாப்பிட அனுப்பியது இதற்காகத்தான்.

டாப்பெட் சரியாக இருந்தது. அடுத்து பாயிண்ட். மூடியைத் திறந்ததும் சிரித்தார். பாயிண்டின் கையில் ஒரு சின்ன ஃபைபர் குதிகால் இருக்கும். அது கேம் மேல் தேய்ந்துகொண்டே ஓடும். தேயத் தேய இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், தீப்பொறியும் தாமதமாக வரும். சமதரையில் தெரியாது. ஏலகிரியில் ஏறும்போதுதான் இழுவை போய், சூடு ஏறி, சைலன்சரில் வெடிக்கும். என் வண்டியின் வியாதி அப்படியே இதுதான்.

பாயிண்டை மெல்லிய அரத்தால் இரண்டு இழு இழுத்துத் துடைத்தார். ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளி 15 தௌ, அதாவது 0.38 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தார். அப்புறம் நாலாவது கியரில் போட்டு, பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் பழைய சைக்கிள் ஸ்போக் ஒன்றை விட்டு, பின் சக்கரத்தைக் கையால் உருட்டினார். பிஸ்டன் உச்சிக்கு வர முப்பத்திரண்டில் ஒரு பங்கு இஞ்ச், சுமார் 0.8 மில்லிமீட்டர் இருக்கும்போது பாயிண்ட் திறக்க ஆரம்பிக்க வேண்டும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு சிகரெட்டைப் பிரித்து, புகையிலையை உதறி, அந்தத் தாளில் ஒரு துண்டைப் பாயிண்டுக்கு நடுவில் செருகி லேசாக இழுத்துக்கொண்டே சக்கரத்தை உருட்டினார். தாள் பிடி விட்டு நழுவுகிற கணம்தான் டைமிங்.

ஸ்டார்ட் செய்வதற்கும் ஒரு முறை சொன்னார். சாவியைப் போட்டுவிட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்து. ஆம்பியர் மீட்டர் முள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வரும். அங்கே டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துக் கொஞ்சம் தாண்டவிட்டு, லீவரை விட்டு, ஒரே உதை. பல வருடமாக வண்டி வைத்திருக்கிறேன், அந்த முள் எதற்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதல் உதையிலேயே வண்டி எழுந்தது.

வெட்டு விழுந்த இடம்

2008–09ல் என்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றான புது என்ஜின் வந்தது. டாப்பெட்டைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் அமைப்பு, பாயிண்ட் கிடையாது. 2009ல் அதே என்ஜினோடு பழைய சாயலில் கிளாசிக் வந்தது. கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது அதுதான். 2020ல் பி.எஸ்.6 விதி வந்தபோது 500 சிசி நின்றது. 2021 கிளாசிக்கில் அந்த 70க்கு 90 கணக்கும் போய் 72க்கு 85.8 ஆனது. வெளியே 1950, உள்ளே கம்ப்யூட்டர். மலையில் நிற்காது, ஒழுகாது, மைலேஜும் தரும். அது நல்ல வண்டி இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த வண்டி நின்றால் பாயிடம் போக முடியாது. கோளாறு என்ன என்று அது கருவியிடம்தான் சொல்லும். பழைய உருவத்தை விற்கிறவர்கள், அந்த உருவத்தோடு வந்த ஒரு உரிமையை விற்கவில்லை: எந்த ஊரிலும், ஒரு சிகரெட் தாளோடு சரிசெய்துகொள்ளும் உரிமை.

"பையன் வரலையா பாய்?" என்று கேட்டேன்.

"ஆம்பூர்ல ஷூ கம்பெனிக்குப் போறான். மாசாமாசம் சம்பளம், பி.எஃப். இதுல இன்னா இருக்குது?" கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். குரலில் வருத்தம் தெரியவில்லை. "நீ ஏதோ எழுதறேன்னியே, எழுதி வெச்சிக்கோ. முப்பத்திரண்டுல ஒண்ணு. மறந்துடாதே."

கட்டாயப்படுத்தி மாற்றப்பட்ட தொழிலுக்கு மகன் போய்விட்டார். மாறாத தொழிலில் அப்பா கடைசி ஆளாக நிற்கிறார். இரண்டும் ஒரே வீட்டில்.

மறுநாள் காலை திரும்ப ஏலகிரி ஏறினேன். பதினான்கு வளைவும் தாண்டியது. உங்கள் ஊரில் இப்படி ஒரு பட்டறை இருந்தால், வண்டி கெட்டுப்போகும் வரை காத்திருக்காதீர்கள். ஒரு நோட்டோடு போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.