நெகடிவ் இல்லாத படம்: உதகையும் வெள்ளிப் படலமும்

உதகையிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் இந்து நகர் என்றோர் இடம் உண்டு. பைக்காராவுக்கு விரையும் சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் அதைக் கவனிப்பதில்லை. இங்கே 'இந்து' என்பது சமயத்தைக் குறிப்பதன்று. நிலவைக் குறிக்கும் வடசொல். இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்னும் நடுவண் அரசு நிறுவனம் தன் ஃபிலிம்களை 'இந்து' என்ற பெயரில்தான் விற்றது. பழைய ஐரோப்பிய இரசவாதிகள் வெள்ளிக்கு நிலவின் பெயரைச் சூட்டியிருந்தனர். ஃபிலிமின் உயிரும் வெள்ளியே. ஆக, பொருத்தமான பெயர்தான்.

சென்ற குளிர்காலத்தில் எங்களுள் சிலர் ஒரு பழைய பெரிய அளவுக் கேமராவுடன் நீலகிரிக்குச் சென்றிருந்தோம். 4 அங்குலத்துக்கு 5 அங்குலம் அளவுள்ள கறுப்பு வெள்ளை ஷீட் ஃபிலிமில் படமெடுத்து, அதை நெகடிவாக அன்றி நேரடியாகப் பாசிட்டிவாகவே கழுவிப் பார்ப்பது எங்கள் ஆசை. 'ரிவர்சல்' எனப்படும் அந்த முறையைப் பழகப் போன நாங்கள், அம்மலையின் நிழற்பட வரலாற்றுக்குள் இறங்கிவிட்டோம். அதன் பயனே இக்கட்டுரை.

நீலகிரியின் பெரிய நிழற்படக்காரர்களுள் முதன்மையாகச் சொல்லத்தக்கவர் ஆல்பர்ட் தாமஸ் வாட்சன் பென் (1849–1924). 1860களில் இளைஞராக இந்தியா வந்து, நிக்கலஸ் சகோதரர்களின் நிறுவனத்தில் தொழில் பயின்று, பின்னர் உதகையில் தாமே நிழற்பட நிலையம் நடத்தியவர். தோடர்களையும் மலைக் காட்சிகளையும் அவர் எடுத்த படங்கள் இன்றும் ஆய்வாளர்களுக்குச் சான்றுகளாக உள்ளன. அக்காலத்தில் வழக்கிலிருந்தது 1851இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டில் கரைசலை ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். இருட்டறையையும் உடன் சுமந்தே மலையேற வேண்டும். படலத்தைத் தயாரிப்பவரும், படமெடுப்பவரும், கழுவுபவரும் ஒருவரே. 1880களில் ஆலையில் செய்த உலர்தகடுகள் பரவியபோது இம்மூன்றும் பிரிந்தன. படலம் செய்யும் அறிவு நிழற்படக்காரரிடமிருந்து ஆலைக்குப் போயிற்று.

இனி ரிவர்சல் முறைக்கு வருவோம். வழக்கமான முறையில், ஒளி பட்ட வெள்ளி உப்பு டெவலப்பரில் கருமையான வெள்ளியாக மாறும். ஒளி படாத உப்பை ஹைப்போ கரைத்துவிடும். எஞ்சுவது நெகடிவ். ரிவர்சலில் முதல் டெவலப்பருக்குப் பின் ஹைப்போவில் இடுவதில்லை. மாறாக, பொட்டாசியம் டைக்குரோமேட் அல்லது பெர்மாங்கனேட்டுடன் கந்தக அமிலம் சேர்ந்த பிளீச்சில் இடுகிறோம். உருவாகிய வெள்ளி உருவம் அதில் கரைந்து போய்விடும். ஒளி படாததால் முதலில் மாறாமலிருந்த உப்பு மட்டுமே படலத்தில் தங்கும். சல்ஃபைட் கரைசலில் கறையை நீக்கி, விளக்கைப் போட்டு அந்த மிச்சத்துக்கு ஒளி காட்டி, மீண்டும் டெவலப்பரில் இட்டால் அது கறுக்கும். வெளிச்சமிருந்த இடத்தில் மிச்சம் குறைவு, ஆகவே தெளிவு. நிழலிருந்த இடத்தில் மிச்சம் அதிகம், ஆகவே கருமை. இறுதியில் ஹைப்போவிலிட்டு அலசி எடுத்தால், கையில் இருப்பது பாசிட்டிவ்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒளியை முதலில் ஏற்பவை பெரிய துகள்கள். அவை பிளீச்சில் போய்விடுவதால், எஞ்சும் நுண்துகள்களாலான படம் மென்மையாக அமையும். 1907இல் லூமியர் சகோதரர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆட்டோக்ரோம் வண்ணத் தகடுகள் இவ்வழியில்தான் கழுவப்பட்டன. 1922இல் பாத்தே நிறுவனத்தின் 9.5 மில்லிமீட்டர் ஃபிலிமும், 1923இல் கோடாக்கின் 16 மில்லிமீட்டர் ஃபிலிமும் வீட்டுச் சினிமாவைத் தொடங்கி வைத்ததும் இதனால்தான். ஒரு குடும்பத்துக்கு ஒரு பிரதி போதும். கேமராவில் ஓடிய சுருளையே திரையிட்டால், இன்னொரு சுருளின் செலவு மிச்சம்.

ஆனால் அந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை இருக்கிறது. நெகடிவ் என்று ஒன்று இல்லை. கேமராவுக்குள் இருந்த அதே தாள்தான் படம். அது கிழிந்தால், பூஞ்சை பிடித்தால், தொலைந்தால், மறுபடி அச்சிட மூலம் கிடையாது.

இதை எங்கள் முதல் தாளிலேயே உணர்ந்தோம். டிசம்பர் மாதத்து உதகைக் குழாய் நீர் கையை விறைக்கச் செய்தது. கரைசல்கள் 20 டிகிரியில் இருக்க வேண்டும் என்பதால் நீரைச் சூடாக்கினோம். சற்று மிகையாகவே சூடாக்கிவிட்டோம். பெர்மாங்கனேட் ஜெலட்டின் படலத்தை இளக்கும் இயல்புடையது. வெந்நீரும் சேர்ந்தபோது, தாளின் ஒரு மூலையில் படலம் பால் ஆடைபோல் சுருண்டு உரிந்தது. சென்னையில் குழாய் நீரே 30 டிகிரியை எட்டுவதால் நீரைக் குளிர்விக்கத்தான் பழகியிருந்தோம்.

இரண்டாம் தாள் தேறியது. குன்னூரருகே ஒரு தேயிலைச் சரிவை மூடுபனி பாதி மறைத்திருந்த காட்சி. சன்னலொளியில் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். தேயிலைப் புதர்கள் கருகருவென்று நின்றன. மூடுபனி இருந்த இடத்தில் ஃபிலிமில் ஏறக்குறைய ஒன்றுமேயில்லை, வெறும் தெளிவு.

அந்தத் தாள் வெளிநாட்டிலிருந்து தருவித்தது. ஃபிலிம் செய்த ஊரிலேயே அயல்நாட்டு ஃபிலிமைக் கழுவிக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960இல் நிறுவப்பட்டது. 1967இல் உற்பத்தி தொடங்கிற்று. தொடக்கத்தில் பிரான்சின் பௌஷே நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவி இருந்தது. உதகையைத் தேர்ந்ததற்குக் காரணம் குளிர்ச்சியும் தூசியற்ற காற்றும். உருகிய ஜெலட்டினில் கலந்த வெள்ளி உப்பை ஒரே கனத்தில் பூசி, உடனே குளிரவைத்து உறையச் செய்து, பின் உலர்த்த வேண்டும். ஒரு தூசி விழுந்தாலும் அது படத்தில் புள்ளியாகும். சினிமா ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம், உருளை ஃபிலிம், புரோமைடு தாள், அச்சுத்தொழிலுக்கான ஃபிலிம் எனப் பலவும் இங்கிருந்து சென்றன. எல்லா நிறங்களையும் உணரும் ஃபிலிமுக்குச் சிவப்பு விளக்கும் ஆகாது. முழு இருட்டிலேயே வேலை நடந்தாக வேண்டும். கண்ணின் வேலையைக் கையும் காலடிக் கணக்கும் செய்த தொழில் அது.

இலக்கிய வாசகர்களாகிய நமக்கும் இதில் தொடர்புண்டு. கணினியிலிருந்து நேரே தகடு எடுக்கும் வசதி வருமுன், ஆஃப்செட்டில் அச்சான தமிழ்ப் பக்கம் பெரும்பாலும் முதலில் ஒரு ஃபிலிம் தாளில் கறுப்பு வெள்ளையாகப் பதிந்து, அதன் பிறகே அச்சுத் தகட்டுக்குச் சென்றது. நாம் போற்றிப் பாதுகாக்கும் சிற்றிதழ்கள் சிலவற்றின் பக்கங்களுக்குப் பின்னால் உதகையின் இருட்டறை இருந்திருக்கக்கூடும்.

வீழ்ச்சியின் கதை சுருக்கமானது. சினிமா வண்ணத்துக்கு மாறியது. பாலியெஸ்டர் எக்ஸ்ரே ஃபிலிமுக்கான பெருந்திட்டத்தின் கடனும் வட்டியும் கழுத்தை நெரித்தன. 1991க்குப் பின் இறக்குமதிப் போட்டி கூடியது. 1996இல் நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் டிஜிட்டல் வந்தது. 2010களில் மூடுவிழாவும் முடிந்தது. உலகின் பிற இடங்களிலும் இதே கதைதான். ரிவர்சலுக்கென்றே 'ஸ்காலா' என்னும் கறுப்பு வெள்ளை ஃபிலிமைத் தந்த ஆக்ஃபாவின் நிழற்படப் பிரிவு 2005இல் நொடித்துப் போயிற்று.

கழுவும் முறை நூல்களில் இருக்கிறது. நாங்களும் நூலைப் பார்த்தே செய்தோம். ஆனால் படலம் செய்யும் அறிவு பெரும்பகுதி நூலில் இல்லை. குழம்பு பதத்துக்கு வந்ததை எப்படி அறிவது, இருட்டில் ஓடும் ஃபிலிமில் பழுது நேர்வதை எந்த ஓசையால் உணர்வது போன்றவை அங்கே உழைத்தவர்களின் உடலில் தங்கிய அறிவு. அதற்கு நெகடிவ் கிடையாது. அவர்களுள் பலர் முதுமையெய்திவிட்டனர்.

பென்னின் பணி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு மறந்து கிடந்தது. அவர் வழிவந்த கிறிஸ்டோஃபர் பென் ஆண்டுக்கணக்கில் தேடித் திரட்டி நூலாக்கிய பிறகே அதன் முழு வடிவம் தெரிய வந்தது. இந்து நகரின் தொழிலாளர்களுக்கு அப்படியொருவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் உறவிலோ தெருவிலோ அந்த ஆலையில் பணிபுரிந்த பெரியவர் இருந்தால், ஒரு மாலை அவரருகில் அமர்ந்து, இருட்டில் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதி வையுங்கள். மூலம் இருக்கும்போதே ஒரு பிரதி எடுத்துவிட வேண்டும்.