அடக்குவதா, தணிப்பதா? முரண்டு பிடிக்கும் நாய்களுக்குச் சிரைக்குழல் பொருத்துவது குறித்து

நாயின் முன்காலில் வென்ஃப்ளான் என்ற சிரைக்குழலைப் பொருத்துவது, அது ஒத்துழைத்தால், சில நிமிட வேலை. உதவியாளர் ஒரு கையால் கழுத்தை அணைத்துக்கொள்வார். மறு கையை முழங்கைக்குப் பின்னால் கொடுத்துக் காலை முன்னோக்கி நீட்டுவார். கட்டைவிரலால் அழுத்தி வெளிப்பக்கம் சற்றே திருப்பினால் செஃபாலிக் சிரை புடைத்தெழும். நாய் முரண்டு பிடித்தால் இன்னும் இருவரைக் கூப்பிட்டு அமுக்கிப் பிடிப்பதும், அதுவும் தோற்றபின் மயக்க ஊசியைத் தேடுவதும் நம் வழக்கம். இந்த வரிசையே தவறு என்பது இக்கட்டுரையின் வாதம். தணிப்பு மருந்து வேண்டுமா என்ற முடிவை, ஊசிமுனை தோலைத் தொடும் முன்பே எடுத்துவிட வேண்டும்.

வலுவின் விலை

மருந்து கொடுக்கவில்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக ஊன்றியிருக்கிறது. திமிறும் நாயின் உடலில் அட்ரீனலின் பெருகுகிறது. இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. பக் போன்ற சப்பைமூக்கு இனங்கள் இந்தப் போராட்டத்திலேயே மூச்சுத் திணறிச் சரியக்கூடும். நாய் தன் உடற்சூட்டைப் பெரும்பாலும் இளைப்பதன் மூலமே தணித்துக்கொள்கிறது. காஜ் துணியால் வாயை இறுகக் கட்டினால் அந்த வழி அடைபடும். கோடைக்காலத்தில் இது உயிருக்கே உலை வைக்கும். உதறும் காலில் ஊசிமுனை சிரையின் சுவரைக் கிழித்தால் இரத்தம் கசிந்து வீங்கி, நல்ல சிரை ஒன்று வீணாகும்.

நான் பணியாற்றிய ஒரு மருத்துவமனையில் நால்வர் சேர்ந்து ஒரு லாப்ரடாரை அமுக்கினோம். மூன்று முயற்சிக்குள் இரண்டு முன்கால்களும் வீங்கிவிட்டன. பிறகு சைலசீன் போட்டோம். இருபது நிமிடம் கழிந்தும் அது உறுமிக்கொண்டே நின்றது. அளவு போதவில்லை என்று நினைத்தோம். உண்மையில் நாங்களே ஏற்றிவிட்ட பதற்றத்தோடுதான் அந்த மருந்து போராடியது. அடுத்த முறை அந்த நாய் வாசற்படியிலேயே சிறுநீர் கழித்துவிட்டது. நாயைக் கையாளும் விதமே அதன் நடத்தையைக் கெடுக்கும், அல்லது திருத்தும் என்று கால்நடை மருத்துவர் சோஃபியா யின் தம் 2009ஆம் ஆண்டு நூலில் விரிவாக வலியுறுத்தியதன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது.

முறை

அவசரமில்லாத நாய்க்கு வேலை வீட்டிலேயே தொடங்கலாம். முந்தைய இரவும், புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பும் காபாபென்டின் கொடுக்கலாம். மனிதருக்கான காபாபென்டின் திரவங்கள் சிலவற்றில் நாய்க்கு நஞ்சான சைலிட்டால் இருப்பதால் கேப்சூலே நல்லது. மருத்துவமனையில், உடல்நலமுள்ள நாய்க்குக் கிலோவுக்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம் பியூட்டோர்பனாலும் 5 முதல் 10 மைக்ரோகிராம் டெக்ஸ்மெடிடோமிடினும் தசையில் போடலாம். கயிற்றைக் கதவின் கீல் பக்க இடுக்கு வழியே வெளியே இழுத்தால் நாய் கதவோரம் ஒட்டி நிற்கும். பின்தொடைத் தசையில் ஊசி போட்டு உடனே விலகிவிடலாம். அதன்பின் மங்கிய வெளிச்சத்தில், அமைதியான அறையில், பதினைந்து நிமிடம் யாரும் அதைத் தொடக்கூடாது. இந்தக் காத்திருப்பும் மருந்தின் ஒரு பகுதியே.

இந்த மருந்துகளுக்கும் குறைகள் உண்டு. டெக்ஸ்மெடிடோமிடின் புறச் சிரைகளைச் சுருக்குவதால் சிரை எளிதில் அகப்படாது. தூங்குவதுபோல் கிடக்கும் நாய் சட்டென விழித்துக் கடிப்பதும் உண்டு. எனவே கூடை வடிவ வாய்க்கட்டு அவசியம். சைலசீன் வாந்தியைத் தூண்டும் என்பதால், அதைக் கொடுத்துவிட்டு வாயைத் துணியால் இறுகக் கட்டுவது கூடவே கூடாது. வாய்க்கு அருகே கை போக வேண்டாமென்றால் பின்காலின் பக்கவாட்டு சஃபீனஸ் சிரை இருக்கிறது.

மறுப்பும் விடையும்

நோயுற்ற நாய்க்கு மயக்க ஊசியா என்ற கேள்வி நியாயமானது. இதயம் தளர்ந்த நாய்க்கும், பார்வோ கழிச்சலில் நீரிழந்த குட்டிக்கும் டெக்ஸ்மெடிடோமிடின் தரக்கூடாது. அவற்றுக்குப் பியூட்டோர்பனாலைத் தனியாகவோ மிடசோலத்துடனோ தரலாம். மருந்தைத் தேர்ந்து கொடு என்பதே இதிலிருந்து கிடைக்கும் பாடம். அமுக்கிப் பிடி என்பது அல்ல. தளர்ந்த இதயத்துக்குத் திமிறலும் சுமைதான். மேலும் டெக்ஸ்மெடிடோமிடினை அட்டிபமசோல் முறிக்கும், சைலசீனை யோஹிம்பின் முறிக்கும். நால்வர் அமுக்கியதால் விளைந்த அச்சத்துக்கு முறிவு மருந்து கிடையாது. ஒன்றை மட்டும் தனியே பார்க்க வேண்டும்: தடுப்பூசி விவரம் தெரியாத நாய் திடீரென மூர்க்கமானால், எதற்கும் முன்பு வெறிநோயை நினைக்க வேண்டும்.

முடிவுரை

பதற்றமான நாயிடம் இரண்டு பேர், மென்மையான பிடி, ஒரே முயற்சி. அதற்குமேல் எதிர்த்தால் நிறுத்திவிட்டுத் தணிப்பு மருந்துக்கு மாற வேண்டும். ஏற்கெனவே முரண்டு பிடித்த நாய்க்கு அந்த ஒரு முயற்சியும் வேண்டாம். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் படுத்தது என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதிவைக்க வேண்டும். பல ஷீட்டுகளில் ‘கடிக்கும்’ என்ற ஒற்றைச் சொல்லே சிவப்பு மையில் இருக்கிறது. அது அடுத்து வரும் மருத்துவரை எச்சரிக்கிறது. ஆனால் அந்த நாய்க்கு எதுவும் செய்வதில்லை.