குளியாளின் உடம்பைக் காத்தது எது?

மன்னார் வளைகுடா முத்தைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். அதை எடுத்துவந்த உடம்பைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. கி.பி. முதல் நூற்றாண்டு கிரேக்கக் கடற்பயணக் கையேடான பெரிப்ளூஸ், கொற்கையில் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறது. பின்னால் போர்த்துகீசியர், 1658இல் டச்சுக்காரர், அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர் எனத் தூத்துக்குடியை ஆண்ட ஒவ்வொருவரும் சிப்பியை எண்ணினார்கள், பங்கு பிரித்தார்கள், ஏலம் விட்டார்கள். குளியாளின் காதும் நுரையீரலும் மூட்டும் அந்தக் கணக்கில் பெரும்பாலும் வரவில்லை. அப்படியானால் தலைமுறை தலைமுறையாக அந்த உடம்பைத் தாங்கிப் பிடித்தது எது? உடம்பு அடிபட்டுத் தேறுவது என்றாலே நமக்கு இன்று வர்ம ஆசானும் எலும்பு வைத்தியரும் நினைவுக்கு வருகிறார்கள். நகரத்தில் என்றால் முதுகெலும்பைச் சொடுக்கிச் சீர்செய்யும் கைரோபிராக்டரும். பக்கத்துக் குமரி மண்ணில் வர்மம் ஆழ வேரூன்றியிருப்பதால், முத்துக்குளித்துறையையும் அந்தக் கைகளே காத்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். எனக்கு அது சரியாகப் படவில்லை. குளியாளைக் காத்த அளவுக்குக் காத்தது, சலாபம் எனப்பட்ட முத்துக்குளிப்பில் வேலை அடுக்கப்பட்டிருந்த முறைதான்.

அந்த முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். 1803இல் இலங்கையைப் பற்றி நூல் எழுதிய ராபர்ட் பெர்சிவல் தரும் விவரம் இது. அவர் எழுதுவது இலங்கைக் கரையைப் பற்றி என்றாலும், அங்குள்ள சலாபங்களில் குளித்தவர்களிலும் பெரும்பகுதியினர் இந்தக் கரையிலிருந்து போன பரதவரும் முஸ்லிம்களும்தான். ஒரு படகில், படகுத் தலைவரான தண்டலைத் தவிர இருபது பேர். பத்துப் பேர் குளியாட்கள், மற்றப் பத்துப் பேர் துடுப்பு வலிக்கவும் கயிறு இழுக்கவும். குளியாளைக் கீழே இறக்கும் பாரக்கல்லான குளிகல் ஐந்துதான். எனவே ஐவர் இறங்கி ஏறிய பிறகே அடுத்த ஐவர் இறங்குவார்கள். இந்த முறைமாற்றம் மறுமுங்கலுக்கு உடம்பைத் தேற்றிக்கொள்ள அவகாசம் தருகிறது என்று பெர்சிவலே குறித்திருக்கிறார். குளியாள் கல்லில் காலை ஊன்றி, ஒரு கையால் கயிற்றைப் பிடித்து, மறுகையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்குவான். கல்லின் பாரமே அவனைக் கீழே கொண்டுபோய்விடுவதால் நீந்தி இறங்கும் உழைப்பில்லை. பிடித்த மூச்சு முழுவதும், சிப்பி விளையும் கடலடித் திட்டான பாரில் அதைப் பொறுக்குவதற்கே. அடியில் கயிற்றைச் சுண்டினால் மேலே நிற்பவர்கள் இழுத்துக்கொள்வார்கள். விடியலில் தொடங்கும் வேலை, கடற்காற்று எழும் நண்பகலோடு நிற்கும். ஞாயிற்றுக்கிழமை கத்தோலிக்கப் பரதவர் கடலுக்குப் போவதில்லை. சலாபமும் ஆண்டுதோறும் வருவதல்ல. பார்கள் பல்லாண்டு வெறுமையாகக் கிடந்து எப்போதாவதுதான் விளையும்.

இந்த இடைவெளிகள் எவ்வளவு பெரிய காரியம் என்பது வேறொரு கடலில் தெரியவந்தது. பசிபிக்கின் துவாமோட்டு தீவுகளில் மூச்சடக்கி முத்துச்சிப்பி எடுத்தவர்களுக்குத் தலைசுற்றல், பக்கவாதம், சிலருக்கு மரணம்கூட நேர்ந்தது. அந்த நோயை அவர்கள் தாரவானா என்றார்கள். 1965இல் வெளிவந்த ஈ.ஆர். கிராஸின் ஆய்வுக் கட்டுரை, முங்கலுக்கு முங்கல் சில நிமிடங்களே ஓய்ந்தவர்களுக்கு இது வந்ததையும், பத்து நிமிடத்துக்கு மேல் ஓய்வெடுத்த மங்கரேவா தீவினருக்கு வராததையும் எடுத்துக்காட்டியது. அவர்கள் இறங்கிய ஆழம் நம் பார்களைவிட அதிகம்; ஆகவே ஒன்றை அப்படியே மற்றொன்றின் மேல் பொருத்த முடியாது. ஆனால் இரண்டு கடலுக்கும் விதி ஒன்று. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிக்கிறது, நுரையீரலில் உள்ள காற்று பாதியாகச் சுருங்குகிறது, செவிப்பறை உள்நோக்கி அமுங்குகிறது. ஒரு நாளில் நாற்பது ஐம்பது முறை இதற்கு ஆளாகும் உடம்புக்கு நடுவில் கிடைக்கும் ஓய்வே முதல் மருந்து.

இதற்கு மறுப்பு சொல்லலாம். கல் ஐந்தே இருந்தது சிக்கனத்துக்காக, நண்பகலில் நிறுத்தியது காற்றுக்காக, இதில் குளியாள் மீது என்ன அக்கறை என்று கேட்கலாம். அக்கறை இருந்தது என்று நான் சொல்லவில்லை; பலன் இருந்தது என்கிறேன். அந்தப் பலனும் முழுமையானதல்ல. ஏறிவந்தவர்களின் வாயிலும் மூக்கிலும் காதிலும் தண்ணீரும் அடிக்கடி இரத்தமும் வந்ததைப் பெர்சிவல் எழுதியிருக்கிறார். ஆனாலும் வேலையை நிறுத்தும் உரிமை ஓரளவு குளியாட்கள் கையிலும் இருந்தது. அதற்குச் சான்று கடல்கட்டி. சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொன்ன இந்த மந்திரக்காரருக்கு இருபதில் ஒரு பங்கு போனதை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ பதிந்திருக்கிறார். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில அரசே அவருக்குக் கூலி கொடுத்தது. மூடநம்பிக்கை என்று சிரித்த அதிகாரிகளுக்கும் ஒன்று தெரிந்திருந்தது: கடல்கட்டி சரி என்று சொல்லாமல் ஒருவரும் தண்ணீரில் இறங்கமாட்டார்கள். சுறா கட்டுப்பட்டதோ இல்லையோ, அரசின் அவசரத்துக்குக் குறுக்கே நிற்க ஓர் ஆள் இருந்தார்.

கைவைத்தியத்தை நான் குறைத்துப் பேசவில்லை. நூற்றெட்டு வர்மங்களையும், அடிபட்டு மயங்கியவரை எழுப்பும் அடங்கல் முறைகளையும், பிசகிய மூட்டைத் தடவி இருத்தும் பக்குவத்தையும் ஆசான்கள் தலைமுறைகளாகக் காத்துவந்தார்கள். பாளையங்கோட்டையில் 1964இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி இந்த மரபுக்கு அருகிலேயே நிற்கிறது. கயிறு இழுத்த தோளுக்கும், துறைமுகத்தில் மூட்டை சுமந்த முதுகுக்கும் அந்தக் கைகள் ஆறுதல் தந்திருக்கும். ஆனால் அழுத்தத்தில் கிழிந்த செவிப்பறையை எந்த நீவலும் ஒட்டவைக்காது. கைரோபிராக்டிக்கின் பிறப்புக் கதையே ஒரு காதைப் பற்றியதுதான். 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி.டி. பால்மர், ஹார்வி லில்லார்டு என்பவரின் முதுகெலும்பை அழுத்தியதும் அவருக்குப் போன செவிப்புலன் திரும்பியது என்று சொல்லிக்கொண்டார். அந்தக் கூற்றை மருத்துவ அறிவியல் ஏற்கவில்லை. கீழ்முதுகு வலியில் ஓரளவு நிவாரணம் தருகிறது என்பதோடு ஆய்வுகள் நிற்கின்றன. முதுகுக்குப் பயன்படும் கை, காதுக்கும் இரத்தத்துக்கும் பயன்படும் என்று நம்புவதில்தான் ஆபத்து இருக்கிறது.

அந்த ஆபத்து இப்போது கூடியிருக்கிறது. தூத்துக்குடிப் பார்களில் 1955 முதல் 1961 வரை நடந்தவையே கடைசி முத்துச் சலாபங்கள். 1973இல் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் வளர்ப்பு முத்தில் வெற்றிகண்டது. குளி நிற்கவில்லை, சங்கைத் தேடித் தொடர்ந்தது. கம்ப்ரசர் காற்றைக் குழாயில் வாங்கிக்கொண்டு இறங்குபவர்களுக்குக் குளிகல்லும் இல்லை, முறை மாற்ற ஐவரும் இல்லை. மூச்சு முட்டி மேலே வரவேண்டிய கட்டாயமும் போய்விட்டது. அடியில் நெடுநேரம் இருக்கையில் இரத்தத்தில் கரையும் நைட்ரஜன், சட்டென்று மேலேறினால் குமிழியாகி மூட்டிலும் தண்டுவடத்திலும் தங்கும். தோளிலும் முழங்காலிலும் வரும் அந்த வலி, பார்வைக்குச் சாதாரணச் சுளுக்கைப் போலவே இருக்கும். எண்ணெய் போட்டு உருவுவதில் கழியும் ஒவ்வொரு மணிநேரமும் அழுத்த அறையில் கிடைக்க வேண்டிய சிகிச்சையிலிருந்து பறிபோன நேரம். அந்தத் தாமதத்தில் கால் விழுந்துபோகவும் கூடும். இந்தக் கரையில் மூட்டுவலியோடு வரும் ஒருவரைத் தொடுமுன் ஆசானோ பிசியோதெரபிஸ்டோ மருத்துவரோ கேட்க வேண்டியது: நேற்றோ இன்றோ கடலில் இறங்கினீர்களா, எத்தனை பாகம் ஆழம், எவ்வளவு நேரம், எப்படி மேலே வந்தீர்கள்?